மூணு மாசம் வரைக்கும் மூச்சு விடக்கூடாது

ஜூலை 15, செவ்வாய்

காலையில் இருந்து தூறல். கொடியில் போட்ட துணி காயவே இல்லை, எல்லாவற்றிலும் புழுங்கின வாடை. இவர் விடிவதற்கு முன்பே வைட்ஃபீல்டுக்கு, கம்பெனி வண்டி ஓட்ட. அத்தை ரேஷன் கடைக்கு. நான் வழக்கம்போல ஓட்டமும் நடையுமாக ஃபாக்டரிக்கு.

டீ டைமில் டாய்லெட் போனேன். உள்ளாடையில் கறை. பிரவுன் கலர், காய்ந்த டீ மாதிரி. சின்னதுதான்.

என் வேலையே கறை பார்ப்பது. செக்கிங் டேபிளில் நின்று சட்டை சட்டையாகப் புரட்டி, எண்ணெய்ப் பொட்டு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கணும். இத்தனை வருஷத்தில் ஒரு கறையைப் பார்த்துப் பயந்தது இன்றைக்குத்தான்.

எங்கேயும் எழுதாததை இப்போது எழுதுகிறேன். ரெண்டு மாசம் தாண்டிவிட்டது. எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். அத்தைக்குத் தெரியாது. டாக்டரிடம்கூட இன்னும் போகவில்லை, வீட்டில் ஸ்ட்ரிப்பில் பார்த்ததோடு சரி. ஃபோலிக் மாத்திரை ரவை டப்பாவுக்குள். (அத்தை ரவையைத் தொடமாட்டார். உப்புமா என்றாலே ஒரு முறைப்பு.) மூணு மாசம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நாங்கள் ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

காரணம் போன வருஷம். தெரிந்த மறுநாளே அத்தை பாயசம் காய்ச்சி சந்து முழுக்கக் கொடுத்தார். அப்புறம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. பாயசம் குடித்த அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா அக்கா, எங்கள் சந்தின் நியூஸ் சேனல், குழாயடியில் வைத்தே சொன்னார்: "நின்னுகினே வேல செய்யறவளுக்கு எப்டிம்மா தங்கும்?" அத்தை பக்கத்தில்தான் இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை இல்லை. தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போனில் எழுதுவதும் அதனால்தான். ஒரு ரூம், ஒரு சமையலறை, மூணு பேர். எதையும் ஒளிக்க இடம் கிடையாது. போனுக்காவது லாக் உண்டு.

மத்தியானம் இவருக்குப் போன் போட்டேன். "கொஞ்சமாத்தான கீது? டென்ஷன் ஆவாத கவி. தண்ணி குடி." தண்ணி குடிக்கவா போன் பண்ணினேன்.

சாயங்காலமும் அதே அளவு. நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு இடத்தில் பல பேருக்கு வரும், பயப்பட வேண்டாம். அடுத்த இடத்தில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டையும் ஒருத்தியே எப்படிச் செய்வது?

ஜூலை 16, புதன்

சிவப்பு.

எழுந்ததுமே தெரிந்துவிட்டது. பேட் வைத்துக்கொண்டு, உள்ளாடையை பாத்ரூமில் அலசிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. அத்தை பக்கெட் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"இன்னா, தள்ளிப்போயி வந்துச்சா? போன மாசம் நீ ஒக்காரவே இல்லியே, நானும் பாத்துகினுதான் இருந்தேன்." பக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். "ஏதோ விசேஷம்னு நெனச்சேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதே சமயம் வெளியே மல்லிகா அக்காவின் குரல், தண்ணி வந்துச்சா என்று யாரையோ கேட்டுக்கொண்டு. நான், "ஆமாத்தை, வந்துடுச்சு" என்றேன்.

வந்துடுச்சாம். என் நாக்கைச் சொல்லணும்.

உடனே வீட்டில் எல்லாம் மாறியது. பாய் மூலைக்கு. எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. அடுப்படிக்கு வரக்கூடாது. நாளைக்கு ஆடி பிறக்கிறது, வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் படையல், ஞாயிற்றுக்கிழமை சந்துக் கோயிலில் கூழ். "நல்ல நேரம் பாத்து ஒக்காந்த போ" என்று முனகினார், கோபமாக இல்லை. ஒரு வகையில் எனக்கு ஓய்வு. சமைக்க வேண்டாம், குடம் தூக்க வேண்டாம். பொய்க்குக் கிடைத்த கூலி.

ஃபாக்டரியில் நிற்க முடியவில்லை. அடிக்கடி டாய்லெட். சூப்பர்வைசர் அம்மா வழி மறித்து, "யாக்கம்மா, பதே பதே ஹோக்தியா?" ஏன் திரும்பத் திரும்பப் போறே என்று. வயிற்றுப்போக்கு என்றேன். இன்றைக்கு ரெண்டாவது பொய். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இவர் சாயங்காலம் வந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மாகிட்ட சொல்லிடலாமா?" வேண்டாம். "ஆஸ்பத்திரி?" பார்க்கலாம். "என்னத்த பாக்கறது கவி?"  அத்தை சீரியலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

ஜூலை 17, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை. இடுப்பு வலி, விட்டு விட்டு.

காலையில் அத்தை எள் வறுத்தார். வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்து என் தட்டில் தூர நின்றே போட்டார். "ரெண்டு மாசமா தங்குனது. சூடு குடுத்தாத்தான் நல்லா எறங்கும். துன்னு."

தின்றேன். அவர் பார்த்துக்கொண்டே நிற்கும்போது என்ன செய்வது? ஒன்றை முழுசாக. இன்னொன்றைப் பாதி கடித்து, மீதியை டிபன் பாக்ஸில் போட்டு பஸ் ஸ்டாப்பில் நாய்க்குப் போட்டேன். நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சின்ன வயசில் இருந்து கேட்டது: வயிற்றில் இருக்கும்போது எள் ஆகாது, பப்பாளி ஆகாது. நான் தெரிந்தே தின்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற என் பிள்ளைக்கு எள்ளுருண்டை கொடுத்திருக்கிறேன். வேலை செய்யும்போது ஒவ்வொரு சட்டையிலும் இதே நினைப்பு.

மதியம் மாடிப்படியில் நின்று, ஓசூர் ரோட்டில் இருக்கிற லேடி டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார். எத்தனை மாசம், பேட் எவ்வளவு சீக்கிரம் நனையுது, கட்டி கட்டியாக வருதா, ஒரு பக்கமா வலியா, தோள்பட்டை வலிக்குதா, தலை சுத்துதா. வயிற்றைக் கேட்கிற இடத்தில் தோள்பட்டையை ஏன் கேட்கிறார்கள்? இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்கேன் எடுத்தாச்சா? இல்லை. டாக்டரைப் பாத்தாச்சா? இல்லை.  "இன்னைக்கே வந்துருங்க மேடம்."

சரி என்றேன். போகவில்லை.

ஏன் என்று எனக்கே எழுதிக்கொள்கிறேன், வேறு யாரிடம் சொல்வது. போன வருஷம் அந்தப் படுக்கையில், ஜில்லென்று ஜெல் தடவி, ஸ்கேன் எடுத்த பொண்ணு பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. டாக்டர் வருவாங்க என்றாள். அந்தப் படுக்கைக்குப் போகும் வரை எனக்குப் பிள்ளை இருந்தது. இப்போதும் பார்க்காத வரைக்கும் இருக்கிறது. அவ்வளவுதான் என் புத்தி. தப்பு என்று தெரிகிறது. கால் நகரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலையில் ரத்தம் கூடுதல். ஒரு சின்னக் கட்டி.  பாயில் வந்து சுருண்டு கிடந்தேன். இவர் டிரிப் போய்விட்டார்.

அத்தை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, படையலுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு டம்ளரோடு வந்தார். கருஞ்சீரகக் கஷாயம். கருப்பாக, மேலே ஆவி. பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நின்று சொன்னார்: "ஒரே மூச்சுல குடிச்சிடு. உள்ள கீற அழுக்கெல்லாம் எறங்கிடும்."

டம்ளரை எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன். அழுக்கு என்ற அந்த ஒரு வார்த்தை.

"அழுக்கு இல்லத்தை" என்றேன். "குழந்தை."

அத்தைக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கத்திவிட்டேன். ரெண்டு மாசம் தாண்டிவிட்டது, இது மாசத் தீட்டு இல்லை, பொய் சொன்னேன், உங்களுக்குத் தெரிந்தால் சந்துக்கே தெரியும் என்று மறைத்தோம். எல்லாம் ஒரே மூச்சில். டம்ளர் சாய்ந்து பாயெல்லாம் கஷாயம்.

அத்தை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.  அப்புறம், "எத்தினி நாளா போவுது?"

"செவ்வாக்கிழமலேர்ந்து."

"நேத்து எள்ளு குடுத்தனே. துன்னியா?"

"துன்னேன்."

நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "என் கையால இடிச்சிக் குடுத்தனே. என் கையால. ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி பாவி?" திட்டினார். நல்லாவே திட்டினார். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துத் தூக்கினார். தலைக்குக் குளித்து, சாமி கும்பிட நின்றவர். ஆடி முதல் வெள்ளி. தீட்டு என்று மூணு நாளாகத் தூர நின்று தட்டு போட்டவர். "கெளம்பு. பொடவ மாத்த வாணாம். மேல ஒரு சால்வ போட்டுக்கோ."

படையல் அப்படியே கிடந்தது. விளக்கு ஏற்றவில்லை.

ஆட்டோ. பொம்மனஹள்ளி ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் எனக்கு அடிவயிற்றில். அத்தை டிரைவரிடம் கன்னடத்தில், "நிதானவாகி ஹோகப்பா, மகு இதே." மெதுவா போப்பா, குழந்தை இருக்கு. டிரைவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் மடியில் ஒரு குழந்தையும் இல்லை. ஒன்றும் கேட்காமல் மெதுவாக ஓட்டினார். புண்ணியவான்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் உடைத்துப் பேசுவார். முதலில் திட்டு. ரத்தம் வந்தால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, ஆனால் ரத்தம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கவும் கூடாது. கரு குழாயில் தங்கியிருந்தால்? உள்ளே வெடித்தால் உன் உயிரே போயிருக்குமே. அது தோள்பட்டையில்கூட வலி காட்டும். அதற்குத்தான் நர்ஸ் கேட்டார் என்று அப்போது புரிந்தது. எனக்குக் குழந்தை பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது, நானே போயிருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. ரத்த குரூப் கேட்டார். பாசிடிவ். நெகடிவ் என்றால் ஊசி ஒன்று போடவேண்டியிருக்கும், உனக்கு வேண்டாம் என்றார்.

ஸ்கேன். அத்தையை உள்ளே விடவில்லை. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இந்த ஸ்கேன் பொண்ணும் பேச்சை நிறுத்துகிறாளா என்று காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். நிறுத்தினாள். செத்தேன் என்று நினைத்தேன்.

"கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. துடிப்பு இருக்கு" என்றாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இல்லாமல் போய்விடுமோ என்று. மூணு தடவை கேட்டேன், இருக்கா, இருக்கா, நிஜமா இருக்கா. அந்தப் பொண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதேன்.

வெளியே அத்தை. என் முகத்தைப் பார்த்ததும் அழுகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். இருக்குத்தை, இருக்கு என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

ஜூலை 19, சனி

லீவு. இவர் சூப்பர்வைசரிடம் பேசினார். காரணம் வயிற்றுப்போக்கு. பாவம், அந்த அம்மா என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ.

மறக்காமல் இருக்க, டாக்டர் சொன்னது:
கரு இருக்கிற பைக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கு. அதுதான் கசிகிறது. தானாகக் கரையலாம். கரையாமலும் போகலாம். உறுதி கிடையாது.
மாத்திரை ராத்திரிக்கு ஒன்று.
படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பது இல்லை. ஆனால் பாரம் தூக்காதே, ரொம்ப நேரம் நிற்காதே. வீட்டுக்காரர் தள்ளிப் படுக்கட்டும். (இவர் முகம்!)
பேட் மளமளவென்று நனைந்தால், கட்டி வந்தால், வலி தாங்காவிட்டால், மயக்கம், காய்ச்சல் வந்தால், யாரையும் கேட்காமல் கிளம்பி வா.
கஷாயம் கிஷாயம் ஒன்றும் கிடையாது.

கடைசியைச் சொல்லும்போது அத்தையைப் பார்த்தார். அத்தை தலை குனிந்தபடியே, "எள்ளுருண்டையால ஏதாச்சும் ஆயிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார். இல்லம்மா, எள்ளால் எல்லாம் கரு கலையாது என்றார். நின்று வேலை செய்ததால்? அதனாலும் இல்லை, போன தடவையும் அதனால் இருந்திருக்காது, பெரும்பாலும் யார் செய்த தப்பும் கிடையாது என்றார். அத்தை என் பக்கம் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தத் தலையாட்டலை அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது.

இன்றைக்கு பிரவுன். கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவை பாத்ரூமில் உட்காரும்போதும் கீழே பார்க்க பயம், பார்க்காமல் எழவும் பயம்.

எள் டப்பாவைக் காணோம். கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சந்துக் கோயிலில் கூழ். விடிந்ததில் இருந்து பம்பைச் சத்தம், மைக்கில் பாட்டு. கேழ்வரகுக் கூழ் வாசனை வீட்டுக்குள் வரை.

நான் உள்ளே, கதவு சாத்தி. எனக்கு இன்றைய பயம் வேறு. அத்தை அங்கே அண்டாவுக்குப் பக்கத்தில், மல்லிகா அக்காவோடு கூழ் கிண்டிக்கொண்டு. என் அத்தையின் வாயில் ஒரு விஷயம் தங்கினதாகச் சரித்திரம் இல்லை. பாயசம் காய்ச்சியவர். நேற்று முழுக்க யோசித்தேன், சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாமா. கேட்டால் மனசு நோகும். கேட்காமலே விட்டேன்.

ஜன்னல் வழியாக மல்லிகா அக்கா குரல் நல்லாவே கேட்டது. "மருமவ எங்க? கூழ் வாங்க வரல?"

"தள்ளி ஒக்காந்துகீறா."

"இன்னுமா? புதங்கெழமையே ஒக்காந்தாளே?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரியா இருக்குது? நீ கிண்டு, அடி புடிச்சிடப் போவுது."

அவ்வளவுதான். போர்வைக்குள் சிரித்தேன். சிரித்தால் வயிறு குலுங்குமே என்று உடனே நிறுத்திக்கொண்டேன்.

மதியம் அத்தை யாருக்கும் தெரியாமல் தூக்கில் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். என் வழக்கமான தட்டிலேயே, பக்கத்தில் உட்கார்ந்து. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. பயந்து பயந்து கொஞ்சம் சாப்பிட்டேன். "துடிக்குதுன்னா, எப்டி இருந்துச்சு பாக்க?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சின்னதா இருந்துச்சுத்தை என்றேன்.

ஜூலை 21, திங்கள்

ரத்தம் இல்லை! காலையில் இல்லை, மத்தியானம் இல்லை. இவர் போனில் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே "இல்லதான?" என்கிறார். துணி காய்ந்தது. வெயில் நல்லா அடித்தது. சந்தோஷப்படலாமா என்று யாரைக் கேட்பது? கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

ஜூலை 23, புதன்

கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூப்பிடும் வரை சும்மா உட்கார முடியவில்லை.

எழுந்தவுடன் சிவப்பு. வெள்ளிக்கிழமையை விட அதிகம். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலி. இந்தத் தடவை யோசிக்கவில்லை, கூகுளும் பார்க்கவில்லை. "அத்தை, மறுபடி வருது" என்றேன், சமையலறை வாசலில் நின்று. அடுப்பை அணைத்தார், அரிசி பாதி வெந்தபடி. ஆட்டோவில் ஏற்றினார். என் முட்டியைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

இவர் வைட்ஃபீல்டில் டிராஃபிக்கில். வந்துகொண்டே இருக்கிறேன் என்று மெசேஜ் மேல் மெசேஜ். வலி ஒரு பக்கமா, பேட் எத்தனை என்று நர்ஸ் கேட்டாச்சு, பிபி பார்த்தாச்சு. முதல் ஆளாக உள்ளே விடுவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே உள்ளே ஒருத்தி ஸ்கேனில்.

போச்சா? இருக்கா? கேட்க யாரும் இல்லாததால் இங்கே கேட்கிறேன். போன தடவை கண்ணை மூடிக்கொண்டேனே, திறந்து ஒரு தடவை பார்த்திருக்கலாமே. அது இருந்தது, நான் பார்க்கவில்லை. இதுதான் இப்போது மனசைப் பிறாண்டுகிறது. இன்றைக்கு என்ன இருந்தாலும் பார்க்கப் போகிறேன்.

மல்லிகா அக்கா! தன் மகளை மாசச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வருகிறார்.

வந்து எதிரே உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், சால்வை, முகம், வயிறு. "இன்னா கவிதா, இங்க? ஏதாச்சும் விசேஷமா?"

 வலி இழுத்தது. அத்தை என் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, மல்லிகா அக்கா முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல மல்லிகா. ரத்தமா போவுது. இவ தொணைக்கு வந்துகீறா."

மல்லிகா அக்கா வாயைப் பிளந்தார். "இந்த வயசுலயா?"

"ஆமா. இன்னாத்துக்குன்னு தெரியல. பயமாத்தான் கீது."

 அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பொய் இல்லை.

நர்ஸ் கதவைத் திறந்து கவிதா, கவிதா என்று கூப்பிடுகிறார். கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல, எனக்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டார்.